பன்னீர் குடித்த கார்

கல்யாணத்துக்கு ஐயரை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. என்னிடம் ஒரு கார் இருந்தது. மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஐயர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நாங்கள் குடியிருந்தோம். இந்த இரண்டும் போதுமாக இருந்தன. மாப்பிள்ளை என்னோடு கதவுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கல்யாண மண்டபம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்டில். ஐயரை வழமையாக ஏற்றி இறக்குகிறவருக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் ஐயரைக் கொண்டு வந்து இறக்கி விட்டாக் காணும். மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார் மாப்பிள்ளை.

இறக்கி விடுவதுதானே என்று ஓம் சொல்லிவிட்டேன்.

அது இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, ஜூலை மாதம். என் கார் பத்து வயதான யப்பான் கார். பத்திரத்தில் பச்சை என்று எழுதியிருந்தது. பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். ஏசி நான் வாங்கும்போதே இல்லை. விற்றவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, "கனடாவில எதுக்கு ஏசி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அது பெப்ரவரி மாதம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். முன்னால் நானும் மனைவியும். பின் இருக்கையில் ஐயர், அவருக்குப் பக்கத்தில் ஓமத்துக்கான விறகு, நெய், நவதானியம், வாழை இலைக் கட்டு. அவர் மடியில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல் பன்னீர். அதைக் கீழே வைத்தால் உருளும் என்று கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். மனைவி மயில் கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அந்தச் சேலை ஊரிலிருந்து வந்து நான்கு வருடமாகப் பெட்டிக்குள் கிடந்தது. அன்றுதான் அதற்கு முதல் பயணம்.

பாலத்துக்கு ஏறும் இடத்தில் வாகனங்கள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ திருத்த வேலை. இரண்டு அடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தோம்.

"இஞ்சருங்கோ, அந்த முள்ளு ஏன் மேல போகுது?" என்றாள் மனைவி.

"அது அப்பிடித்தான் போகும்."

"நேற்றுக் கடைக்குப் போகேக்க நடுவிலயெல்லோ நிண்டது?"

"நேற்று வெயில் இல்லை."

எஞ்சினின் சூட்டைக் காட்டும் அந்த முள், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோட்டைத் தொட்டது. பாலத்தின் நடுவில் நிறுத்த இடமில்லை. அப்போதுதான் தொழிற்சாலையில் ஒரு கிரேக்கர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. எஞ்சின் கொதித்தால் கார் ஹீட்டரை முழுதாகப் போடு. எஞ்சினில் இருக்கிற சூடு உள்ளே வந்துவிடும், எஞ்சின் தப்பிக்கும் என்று சொல்லியிருந்தார். எஞ்சின் தப்பிக்கும் என்றுதான் சொன்னாரே தவிர, உள்ளே இருக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஹீட்டரைத் திருகினேன். வெளியே முப்பத்திரண்டு பாகை. உள்ளே அடுப்புக் கதவைத் திறந்ததுபோல ஒரு காற்று வந்து எங்கள் மூன்று பேரின் முகத்திலும் அடித்தது.

"என்னப்பா செய்யிறியள்?"

"இது ஒரு முறை. முள்ளு இறங்கும், பாரும்."

முள் உண்மையாகவே இறங்கியது. ஆனால் மனைவியின் நெற்றிப்பொட்டும் மூக்குவரை இறங்கிவிட்டது. ஐயர் முதலில் சால்வையை எடுத்தார். பிறகு சேட்டைக் கழற்றினார். கல்யாணத்தில் எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பின்னாலிருந்து மெதுவாக அவர் குரல் கேட்டது.

"தம்பி, நான் இருவது வருஷமா ஓமகுண்டத்துக்கு முன்னால இருக்கிறன். அங்க புகைதான் கண்ணைக் கரிக்கும். இப்பிடி ஆளை அவிக்கிறதில்லை."

"இன்னும் கொஞ்சத் தூரம்தான் ஐயா."

அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. பெண் வீட்டார். "ஓம், ஓம், பாலத்தில ஏறிட்டம். இல்லை, இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. வேர்வை மட்டும்தான்" என்றார்.

நாங்கள் கொண்டுவந்த ஒரே ஒரு தண்ணீர்ப் போத்தலை பாலத்தின் பாதியிலேயே மூன்று பேருமாகக் குடித்து முடித்துவிட்டோம். அது எவ்வளவு பெரிய பிழை என்பது பாலத்தைக் கடந்த பிறகுதான் தெரிந்தது. இறங்கியதும் முள் மறுபடி ஏறியது. பொனெட்டின் விளிம்பால் வெள்ளை ஆவி வந்தது. வீதியோரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். எஞ்சின் ஆறும்வரை நின்று, பொனெட்டைத் திறந்து பார்த்தால், ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொடுக்கிற பிளாஸ்டிக் டாங்கி காய்ந்துபோய் இருந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஐயரின் கையில் இருந்த போத்தலைப் பார்த்தோம்.

"இது சபைக்குத் தெளிக்கிறதெல்லோ" என்றார் ஐயர்.

"ஐயா, நாங்கள் போய்ச் சேர்ந்தால்தானே சபை" என்றாள் மனைவி.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மூடியைத் திருகினார். அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஒரு பொலீஸ் கார் வந்து நின்றது. இறங்கி வந்தவர் இளம் ஆள். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்கு அந்த மொழியில் மூன்று சொற்கள் நன்றாக வரும்: போன்ஜூர், மெர்சி, உய். போன்ஜூர் வணக்கம், மெர்சி நன்றி, உய் என்றால் ஓம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே மொன்றியலில் எட்டு வருடம் ஓட்டியிருந்தேன். அன்றும் மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். பொலீஸ்காரருக்கு அது போதவில்லை.

மனைவி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவள் ஒரு கார்டரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இரண்டு வருடமாக வேலை செய்தாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளோடு கதைத்துப் பழகியது. பிள்ளை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டால் அங்கே அதைப் போபோ என்று சொல்வார்கள். அவள் காரைக் காட்டி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "காருக்குப் போபோ. சூடு, சூடு" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

பொலீஸ்காரர் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். பிறகு, மேலில் சேட்டு இல்லாமல் பூணூலோடு நின்று ஏதோ முணுமுணுத்தபடி டாங்கிக்குள் பன்னீர் ஊற்றிக்கொண்டிருந்த ஐயரைப் பார்த்தார். அது என்ன என்று கையால் கேட்டார். "பூத் தண்ணி" என்றாள் மனைவி. அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் காருக்குப் போய், விளக்கை மினுக்கவிட்டபடி நாங்கள் புறப்படும்வரை எங்களுக்குப் பின்னால் காவல் இருந்தார்.

மண்டபத்தில் ஐயர் இறங்கியபோது தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வடிந்தது. வாசலில் நின்ற பெண்ணின் தாய்மாமன் கைகூப்பி, "குளிச்ச ஈரத்தோடயே வந்திட்டார், எவ்வளவு ஆசாரம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஐயர் மறுக்கவில்லை. தாலி கட்டும் நேரத்துக்கு எல்லாம் சரியாக நடந்தது. சபைக்குத் தெளிக்க மட்டும் பன்னீர் இருக்கவில்லை. அது தரிப்பிடத்தில் எங்கள் காருக்குள்ளிருந்து மணத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை எங்கள் தெருவுக்குப் பின்னால், தெப்பனேர் என்று சொல்கிற மூலைக் கடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கராஜுக்குப் போனேன். அதை நடத்தியவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெரிய உடம்புக்காரர். ஆங்கிலம் ஒரு சொல்லும் இல்லை. அவர் பொனெட்டைத் திறந்தார், குனிந்தார், எதையோ தொட்டார், மணந்து பார்த்தார், மறுபடியும் மணந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஸெ லெ பூஷோன்" என்றார்.

எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. பூஷோன் எனக்குத் தெரிந்த சொல். வேலைக்குப் போகும்போது காரில் றேடியோ கேட்பேன். நாற்பதாம் இலக்க வீதியில் பூஷோன், பாலத்தில் பூஷோன் என்று ஒவ்வொரு காலையும் சொல்வார்கள். அவர்கள் சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தால் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். யாரிடமும் கேட்காமல் நானாகவே கண்டுபிடித்த ஒரே பிரெஞ்சுச் சொல் அது. ஆகவே அவர் சொல்வது தெளிவாக விளங்கியது: நெரிசலில் நின்றதால்தான் கார் கொதித்தது.

"உய், உய்! பூஷோன்!" என்றேன். பாலம் இருந்த திசையைக் கையால் காட்டினேன்.

அவர் இன்னும் விளக்கினார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வட்டம் காட்டி, அதை இடது பக்கமாகத் திருகினார். சுற்றி வேறு வழியால் போ என்கிறார். "உய்" என்றேன். கடைசியாக "மார்தி" என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். மார்தி என்றால் செவ்வாய்க்கிழமை என்பதும் எனக்குத் தெரியும். செவ்வாயில் நெரிசல் கூடவாக்கும் என்று நினைத்தேன். மெர்சி சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு வந்துவிட்டேன். அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. இப்படியொரு நேர்மையான மனிதனா என்று வீட்டில் அரைமணித்தியாலம் புகழ்ந்தேன்.

அன்றிலிருந்து நான் நெரிசலைத் தவிர்த்தேன். ஏழு மணி வேலைக்கு ஐந்து மணிக்கே புறப்பட்டேன். தொழிற்சாலை பூட்டிக் கிடக்கும். வாசலில் காருக்குள் இருந்து பாண் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது பெருந்தெருவைத் தொடாமல், பள்ளிக்கூடங்களையும் பூங்காக்களையும் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் காரைத் தொடுவதே இல்லை. இரண்டு பேருந்து மாறிப் போனேன். முள் ஒரு நாளும் நடுவைத் தாண்டவில்லை. மெக்கானிக்கின் வைத்தியம் பலித்துவிட்டது என்று கிரேக்கரிடமும் சொன்னேன்.

இந்தச் சுகம் மூன்று கிழமை நீடித்தது. ஒரு சனிக்கிழமை, மனைவியின் கூட்டாளியைப் பார்க்க சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் போனோம். அங்கே ஏதோ விழாவுக்கு வீதியைப் பாதி மறித்திருந்தார்கள். பத்து நிமிடம் நின்றோம். முள் ஏறியது. நான் ஹீட்டரில் கை வைத்தேன்.

"அதில கை வச்சியள் எண்டா நான் இறங்கி நடந்து போவன்" என்றாள் மனைவி.

கை வைக்கவில்லை. கார் ஆவி விட்டது. ரோசாப்பூ மணத்தோடுதான் விட்டது. நடந்துபோன ஆட்கள் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்.

"இனி ஒழுங்கான கராஜில காட்டுங்கோ. ட்ராஃபிக்கில நிக்கேலாத கார் எங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

ஒழுங்கான கராஜ் என்றால் கண்ணாடிச் சுவர், தோல் இருக்கை, இலவசக் கோப்பி. அங்கே ஆங்கிலம் கதைத்தார்கள். அரை நாள் காரை வைத்திருந்தார்கள். பிறகு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இளைஞர் இரண்டு பக்கக் காகிதத்தோடு வந்து, வைத்தியர் உறவினருக்குச் சொல்லும் குரலில், எஞ்சினுக்கு உள்ளே இருக்கிற ஹெட் காஸ்கெட் போய்விட்டிருக்கக்கூடும் என்றார். கடைசி வரியில் இரண்டாயிரத்து நானூறு டொலர் என்று இருந்தது. நான் அந்தக் காரை வாங்கியதே ஆயிரத்து எண்ணூறுக்கு.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"தண்ணீர் குறைகிறது. அதோடு உள்ளே ஒரு இனிப்பான மணம் வருகிறது. சாதாரணமாக அப்படி வராது. எங்கள் மூத்த மெக்கானிக்கே இப்படி ஒன்றை மணந்ததில்லை என்கிறார்."

அது கல்யாண வீட்டுப் பன்னீர் என்று சொல்லவேண்டும். சொன்னால் ஐயரைச் சொல்ல வேண்டும், பாலத்தைச் சொல்ல வேண்டும், சேட்டுக் கழற்றியதைச் சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

யோசித்ததில் எங்கள் ஆள் ஒருவரிடம் காட்டலாம் என்று பட்டது. சென்-லோரோன் பக்கத்தில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு தமிழ் அண்ணை கார் திருத்துவார். ஊரிலே பஸ் எஞ்சின் பார்த்தவர். எந்த விலையையும் நூறுகளில்தான் சொல்வார். பத்து என்றால் ஆயிரம் டொலர். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொள்ளை" என்றார். எனக்கு உடனே உடம்பில் தெம்பு வந்தது. பிறகு ஒரு நீளமான திருப்புளியை எடுத்து, அதன் ஒரு முனையை ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"தம்பி, இது இழுக்குது."

"என்னத்தை அண்ணை?"

"மூச்சை. காஸ்கெட் மாத்தி வேலை இல்லை. எஞ்சினையே மாத்தவேணும். என்னட்டை ஒண்டு கிடக்குது. பின்பக்கம் இடிபட்ட கார். முன்பக்கம் தங்கம்."

"எவ்வளவு வரும்?"

"உமக்கெண்டபடியா இருவதுக்குச் செய்து தாறன்."

இரண்டாயிரம். கொள்ளைக்காரனைவிட நானூறு டொலர் குறைவு. பேந்து சொல்கிறேன் அண்ணை என்று விட்டு, நெரிசல் இல்லாத வழியால் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் இருந்து நானும் மனைவியும் கதைத்தோம். நான் காரை விற்றுவிடலாம் என்றேன். ஓடாத காரை யார் வாங்குவார் என்றாள் அவள். கழிவிரும்புக்குத்தான் போடலாம் என்றேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் காரை வாங்கிய நாளில் நாங்கள் காரணமேயில்லாமல் மொன்றியல் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடிவிட்டு, கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்தவர்கள். கனடாவில் எங்களுடையது என்று பெயர் எழுதிய முதல் பொருள் அது.

"அந்தத் தெப்பனேர் கடையடிக் கிழவரிட்டைக் கேப்பம். பழைய கார் எடுக்கிறவரோ தெரியாது" என்றாள்.

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாது."

"நான் வாறன்."

சனிக்கிழமை காலை இரண்டு பேருமாகப் போனோம். அவர் ஒரு சின்ன முக்காலியில் இருந்து சில்லு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பாமலே இரண்டு கையையும் விரித்து ஏதோ உரத்துச் சொன்னார். கோபம்போல இருந்தது.

மனைவி அவருக்கு முன்னால் போய், இடுப்பை வளைத்து, அவர் கண்ணுக்கு நேரே தன் கண் வரும்படி குனிந்தாள். கார்டரியில் பிள்ளைகளோடு அப்படித்தான் கதைக்கவேண்டுமாம். பிறகு ஒரு விரலை உயர்த்தி, "தூஸ்மோ" என்றாள். மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம். அந்தப் பெரிய மனிதர் வாயை மூடிக்கொண்டார். "இப்ப காட்டு" என்று பிரெஞ்சில் சொன்னாள். மரியாதைப் பன்மையெல்லாம் அவளுடைய பிரெஞ்சில் கிடையாது. அவர் எழும்பி, துணியில் கையைத் துடைத்து, கூப்பிட்ட பிள்ளைபோல அவளுக்குப் பின்னால் காரடிக்கு வந்தார். பொனெட்டைத் திறந்து, ஒன்றைத் தொட்டுக் காட்டி, நிறையக் கதைத்தார். அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, இவர் உங்களுக்கு அண்டைக்கே சொன்னவராம்."

"ஓம், சொன்னவர்தான். பூஷோனுக்குப் போகாதையெண்டு சொன்னவர்."

"பூஷோன் எண்டா என்ன?"

"ட்ராஃபிக். றேடியோவில ஒவ்வொரு நாளும் சொல்லுறான்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"பூஷோன் எண்டா மூடியப்பா. போத்தில் மூடி. பிள்ளையளின்ர தண்ணிப் போத்தில் மூடியைத் தேடி ஒரு நாளைக்கு நாப்பது தரம் பூஷோன் பூஷோன் எண்டு நான் கத்துறனான். உங்கட ரேடியேட்டர் மூடி பழுதாம். இறுக்கமில்லையாம். அதால தண்ணி ஆவியாப் போகுதாம். மூடியை மாத்தவேணுமாம்."

"அப்ப றேடியோக்காரன்?"

அவள் அவரிடம் கேட்டாள். அவர் சொன்னார். "ரோட்டு அடைச்சா அதுவும் பூஷோன்தானாம். மூடி போட்ட மாதிரியெண்டு."

"அப்ப மார்தி?"

"மூடிக்கு ஓடர் போட்டவராம். செவ்வாய்க்கிழமை வா எண்டவராம். நாலு செவ்வாய் பாத்துக்கொண்டிருந்தவராம்."

நான் செவ்வாய்க்கிழமைகளில் பேருந்தில் போனதை மனைவி அவரிடம் ஏன் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் முதலில் நம்பவில்லை. பிறகு முக்காலியைத் தேடிப் போய் இருந்துகொண்டு சிரித்தார். வயிறு குலுங்க, சத்தமே வராமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எழும்பி ஒரு லாச்சியைத் திறந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த நாடாவில் பேனையால் எழுதியிருந்தது. என் பெயர் தெரியாததால் "மிஸ்யூ மெர்சி", நன்றி ஐயா, என்று எழுதி வைத்திருந்தார்.

பழைய தண்ணீரை இறக்கியபோது கராஜ் முழுக்கப் பன்னீர் மணத்தது. மனைவி கல்யாணக் கதையைச் சொன்னாள். அவர் குனிந்து வாளியை இன்னொரு தரம் மணந்துவிட்டு, இதை ஊற்ற மனமில்லை என்பதுபோல ஒரு ஓரமாகத் தூக்கி வைத்தார். மூடியைப் பூட்டி, குளிர்நீர் ஊற்றி, கால் மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டார். முள் நடுவில் நின்றது. பதினைந்து டொலர் கேட்டார். வேலைக்குக் கூலி வேண்டாமாம், சிரித்ததுக்கே சரியாகிவிட்டதாம். மனைவி இரண்டு கையையும் தட்டி "பிராவோ!" என்றாள். அது அவள் பழக்கம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது. படிக்கட்டில் இருந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டாள்.

"இந்த எட்டு வருஷத்தில இப்பிடி எத்தினை பேருக்கு உய் சொல்லியிருப்பியள்?"

யோசித்துப் பார்த்தோம். வாசிக்கத் தெரியாத ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை இரண்டு வருடமாக எங்கள் வாசலில் விழுந்தது. தொலைக்காட்சியில் ஹொக்கி மட்டும் காட்டுகிற இரண்டு அலைவரிசைகளுக்குப் பணம் கட்டினோம். எங்கள் வரிசை வீடுகளின் கூட்டம் ஒன்றில் எல்லோரும் என்னைப் பார்த்தபோது உய் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலம் பொதுப் படிகளில் உப்புத் தூவினது நான்தான். அது எல்லோரும் முறைவைத்துச் செய்கிற வேலை, என் முறை நீளமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் உள்ளே ஒரு இடத்தில் சுட்டது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடம் விளங்கியதுபோல நடித்திருக்கிறேன். எதிரே நின்றவர்கள் எல்லாம் என்னை மரியாதையான மனிதன் என்று நினைத்தார்களோ, அல்லது வேறு என்னவென்று நினைத்தார்களோ தெரியாது.

செப்டம்பரில் அரசாங்கம் நடத்துகிற பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். கிழமைக்கு இரண்டு பின்னேரம். என் வாங்கில் ஒரு பெரு நாட்டுத் தச்சரும், ரொட்டி சுடுகிற ஒரு அல்ஜீரியரும். அல்ஜீரியருக்கு பிரெஞ்சு நன்றாகத் தெரியும், எழுதத்தான் தெரியாது. ஆசிரியை கேட்பதை அவர் எனக்கு மெதுவாகத் திருப்பிச் சொல்வார். மெதுவாகச் சொன்னால் அந்த மொழி அவ்வளவு பொல்லாததில்லை.

மார்கழியில், தெரிந்த ஒருவர் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மத்தியானம் போயிருந்தோம். கேக் வெட்டி முடிந்து, சப்பாத்துகள் குவிந்து கிடந்த வாசலில் என் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, தோளில் ஒரு கை விழுந்தது. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்ட அண்ணை.

"என்ன தம்பி, பேந்து சொல்லுறன் எண்டு போனனீர், ஆளைக் காணேல்லை. கார் என்ன மாதிரி?"

"நல்லா ஓடுது அண்ணை."

"அப்ப மாத்திப் போட்டீர்?"

மாற்றினேன்தானே. "ஓம் அண்ணை, மாத்தியாச்சு."

"ஆரட்டை?"

"எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு கிழவர்."

"எவ்வளவு எடுத்தவர்?"

"பதினைஞ்சு."

அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. அவர் அதை நூறுகளில் எண்ணுகிறார் என்பது எனக்கு ஒரு கணம் பிந்தித்தான் விளங்கியது. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் பக்கத்தில் நான்கைந்து பேர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எல்லோரும் அவரிடம் கார் விடுகிறவர்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் மூடிக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சொல்லியிருந்தா நான் பதினாலுக்கே செய்து தந்திருப்பனே" என்றார் அண்ணை, உண்மையான கவலையோடு. "எஞ்சின் எப்பிடி, சத்தம் கித்தம் இல்லையோ?"

"இல்லை அண்ணை. முந்தின மாதிரியே இருக்குது."

"அப்ப நல்ல எஞ்சின்தான்" என்று சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார்.

மனைவி தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும் சாக்கில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். தோள் குலுங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரின் மேல் நான்கு விரல் உயரத்துக்கு நின்றது. நான் தட்டித் துடைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், கையை நீட்டினாள்.

"சாவியைத் தாங்கோ. நான் ஓட்டுறன்."

அவள் அனுமதிப்பத்திரம் எடுத்து அப்போது பத்து நாள்தான். பனியில் ஒரு நாளும் ஓட்டியதில்லை. "உமக்கு ஏலுமோ?" என்று கேட்டேன்.

"இருங்கோ" என்றாள்.

நான் போய்ப் பக்கத்து இருக்கையில் இருந்து பட்டியைப் போட்டுக்கொண்டேன். பியர்பொன்ட்ஸ் வரைக்கும் மணிக்கு இருபது கிலோமீற்றரில் ஓட்டினாள். எங்களுக்குப் பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. அவள் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "தூஸ்மோ, தூஸ்மோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.